குழவியை அக்கா கொண்டுபோய்விட்டாள்

மானம் கப்பலேறிவிட்டது என்று பேச்சுக்குச் சொல்வோம். எங்கள் வீட்டில் அது உண்மையாகவே நடந்தது. மானம் முதலில் ஏறியது. நானும் என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகுதான் ஏறினோம்.

ஆரம்பித்து வைத்தவள் மகள். வெளிநாட்டில் இருக்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று போனில் கேட்டாள். நல்ல கிரைண்டர் ஒன்று என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் போனைப் பிடுங்கி, "கடல்" என்றார். நாங்கள் இருப்பது மாத்தளையில், இலங்கையின் தொப்புளில். எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். அதனாலேயே எந்தப் பக்கமும் போனதில்லை. இவர் கடலைப் பார்த்தது மொத்தம் நான்கு முறை. அதில் இரண்டு முறை யாருடைய செத்த வீட்டுக்கோ போன இடத்தில், வேனுக்குள் இருந்தபடி.

ஒரே வாரத்தில் மகள் ஐந்து நாள் கப்பல் பயணம் ஒன்றுக்கு டிக்கட் போட்டுவிட்டாள். விமானத்தில் சென்னைக்குப் போய், அங்கே கப்பலேறி, சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்க வேண்டும். "கடலோர நகரங்களும் கண்கவர் கானகமும்" என்று விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மகள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இரண்டாம் நாள் புதுச்சேரி என்பது தெளிவாக இருந்தது. மூன்றாம் நாளுக்கான பக்கம் மட்டும் மேலே வெட்டுப்பட்டு வந்தது. "கானக நாள்" என்ற எழுத்தும், காட்டுப் பாதையைக் கடக்கும் ஒரு யானையின் படமும்தான் தெரிந்தன. எந்த ஊர் என்று கேட்டால், "சஸ்பென்ஸா இருக்கட்டுமே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அந்தமானாத்தான் இருக்கும்," என்றார் இவர். முடிவு செய்துவிட்டார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். பென்ஷனுக்கு வந்த பிறகு அனுப்புவதற்கு பஸ் இல்லாமல் என்னை அனுப்பிக்கொண்டிருக்கிறார். சந்தைக்குப் போனால் எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டு எழுதி வைப்பார். பிந்தி வந்தால் காரணம் கேட்பார். இப்படிப்பட்டவர் கையில் ஒரு கப்பல் கிடைத்தால் விடுவாரா? பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஐந்து நாளுக்கும் அட்டவணை போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். "6.10 எழும்புதல். 6.25 கடல் பார்த்தல். 6.40 தேநீர்." கடலுக்குக் கால்மணி நேரம்தான். பிந்தி வருகிற சூரியனை இவர் என்ன செய்வாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

கப்பல் ஆடினால் தலை சுற்றுமா என்று சோதிக்க இவர் கண்டுபிடித்த வழி யட்டவத்த பஸ். அந்த ரோட்டின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைசி சீட்டில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெறும் வயிற்றில் போய் வந்தார். வாந்தி வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு. எனக்கில்ல, பக்கத்து சீட்டுக்காரருக்கு," என்றார். சட்டையைத் துவைத்துப் போட்டேன். பரீட்சையில் பாஸ் என்று அட்டவணைக்கு மேலே சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கண்டங்களையும் சமுத்திரங்களையும் கரும்பலகையில் வரைந்தவள் நான். நீலச் சோக்கு எப்போதும் முதலில் தீர்ந்துபோகும். அதனால் பச்சையில் கடல் வரைந்திருக்கிறேன். நிஜக் கடலின் மேல் நான்கைந்து நாள் மிதக்கலாம் என்றதும் எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா மலைக்கு வேலைக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். யட்டவத்தப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இன்னும் பழைய லயத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்குப் புடிச்சவன் பொறக்கல, பொறந்தவன எனக்குப் புடிக்கல," என்று ஒரே பதில். இந்த வயதிலும் அவளுக்கு நான் பாப்பாதான்.

"அக்கா, நாங்க கப்பல்ல போறோம்!" என்றேன்.

 அந்தப் பக்கம் டொக்கென்று லைன் கட்டாகிவிட்டது. சார்ஜ் இறங்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

இரண்டு நாள் கழித்து அக்காவுடைய லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தேநீர் குடித்தாள். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "டீச்சர், அந்த ஆட்டுக்கல்ல யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்றதும், "கொண்டா போகப்போறீங்க? கப்பல்ல பாரம் ஏத்துவாங்களா?" என்றாள். அடுத்த நாள் வந்தவர் என்னிடம் படித்த ஒருவருடைய தகப்பன். கறிவேப்பிலை மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டை விற்கிறோமா வாடகைக்கு விடுகிறோமா என்று விசாரித்தார். மூன்றாம் நாள் வந்தவள் நேராகக் கோழிக் கூட்டுக்கே போய்விட்டாள். "இந்தக் கறுப்புக் கோழி எனக்குன்னு வச்சுக்குங்க டீச்சர்," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக அழுதாளா கோழிக்காக அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தெரு முனைக் கடை நானா மட்டும்தான் நேராகக் கேட்டார். "டீச்சர், ஒரேடியா போறீங்களாமே? ஒரு வார்த்த சொல்லலியே!" அவர் கடையில் நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு ஓடுகிற டீச்சர் என்று பெயர் பரவியிருந்தது. மானம் கப்பலேறியது என்றேனே, அது இந்த இடத்தில்தான்.

வேறு ஊரில் இது வேடிக்கையாகத் தெரியும். எங்கள் ஆட்களிடையே கப்பல் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், இரண்டு அரசாங்கங்கள் பேசி வைத்தபடி, தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கப்பலேறுவது என்றால் போவது. போவது என்றால் திரும்பி வராதது. போவதற்கு முதல் வாரம் வீட்டுச் சாமான்களைப் பங்கு வைப்பார்கள். அம்மி ஒருவருக்கு, ஆட்டுக்கல் ஒருவருக்கு, கோழி இன்னொருவருக்கு. கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவில்லை. கேட்காமல் விட்டால்தான் போகிறவர்களுக்கு மனம் நோகும். இப்போதும் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டும் கையுமாகத் திரிகிற காலம். டீச்சர் கப்பலில் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், அந்த நல்ல மனிதர்கள் மரியாதைக்கு வந்து கேட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி போனாள். எனக்கும் அக்காவுக்கும் நடுவே பிறந்தவள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷன் வீட்டாரோடு கப்பலேறினாள். எனக்கு அப்போது ஏழு வயது. மாத்தளை ஸ்டேஷனில் அவள் எனக்கு ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கித் தந்ததும், எல்லாரும் கத்தி அழுததும், நான் பிஸ்கட் தின்றதும் ஞாபகம் இருக்கிறது. மூன்று கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் நீலகிரிப் பக்கத்திலிருந்து. வேறிடம் போகிறோம், போனதும் எழுதுகிறேன் என்று இருந்தது. அதோடு சரி.

அவள் விட்டுப்போன அம்மிதான் என் வீட்டில் இருப்பது. அக்காவுக்குக் கொடுத்தாள், என் கல்யாணத்தில் அக்கா அதை எனக்குக் கொடுத்தாள்.

நாலாம் நாள் அக்காவே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "தேதி வச்சாச்சா?" என்றாள்.

"அக்கா, உள்ள வா. நீ நெனைக்கிற மாதிரி இல்ல. சுத்திப் பாத்துட்டு அஞ்சு நாள்ல வந்துருவோம்."

"அவளும் ஒரு வருஷத்துல வாறேன்னுதான் சொன்னா."

"இது டூர் போற கப்பல் அக்கா!"

"கப்பல் கப்பல்தான். பேர மாத்துனா தண்ணி வத்திருமா? நா ஒருத்தியக் கப்பலுக்கு அனுப்பிட்டு அம்பது வருஷம் தபால்காரன் மொகத்தப் பாத்துட்டு இருந்தவ. இன்னொருத்திய அனுப்ப மாட்டேன். போறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போகாத."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. கல்யாணத்துக்குக்கூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். அவள் போகாதே என்றால், டிக்கட் இருந்தாலும் என்னால் போக முடியாது. போனாலும் அந்தக் கடல் எனக்குப் பச்சைச் சோக்குக் கடலாகத்தான் இருக்கும்.

நிலைமையைச் சரி செய்கிறேன் என்று இவர் குறுக்கே வந்தார். அட்டவணையைக் கழற்றிக்கொண்டு, போனில் படங்களையும் திறந்துகொண்டு, அக்காவைக் கதிரையில் உட்கார வைத்தார். "பாருங்க அக்கா, இது கப்பல். இது புதுச்சேரி. இது மூணாம் நாள், அந்தமான் காடு. இந்த யானையைப் பாருங்க. நம்ம யானை மாதிரி இல்ல, காது வேற மாதிரி." யானையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

அக்கா மாதம் ஒருமுறையாவது காட்டு யானைக் கதை கேட்பவள். யானையை அவள் ஏன் பார்க்கிறாள்? படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி, யானையின் வாலுக்குப் பின்னால் நின்ற ஒரு மஞ்சள் போர்டைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பஸ் போர்டு பார்த்துப் பார்த்துச் சிங்களம் கூட்டி வாசிப்பாள்.

"ஏன் மாப்பிள்ள, அந்தமான்ல நம்ம தம்புள்ளைன்னு எதுக்கு போர்டு வச்சிருக்காங்க?"

இவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்தார். தூர வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் உடனே மகளுக்குப் போன் போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாம் நாள் கப்பல் திருகோணமலைக்கு வருகிறதாம். அங்கிருந்து பஸ்ஸில் சீகிரியா. யானை பார்த்து, மலை ஏறி, பின்னேரம் திரும்பக் கப்பலுக்கு. அதாவது கொழும்புக்குப் போய், விமானம் ஏறி, சென்னைக்குப் போய், கப்பலேறி, கடலைச் சுற்றி வந்து, எங்கள் மாவட்டத்துக்கே வந்து கானகம் பார்க்கப் போகிறோம். முப்பது வருடம் தம்புள்ளை பஸ்ஸுக்கு விசில் ஊதி அனுப்பிய மனிதர் அட்டவணையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினார். நான் காரணம் கேட்கவில்லை.

ஆனால் அக்கா சிரிக்கவில்லை. போன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கப்பல் அங்கயிருந்து இங்க வருதா?"

"வருது அக்கா."

"அங்கயிருந்து ஏறுனவங்கள இங்க எறக்கி விடுவாங்களா?"

"எறக்கி விடுவாங்க."

"எங்களுக்கு யாரும் சொல்லல," என்றாள். எனக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பார்க்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் பின்கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். குழவியைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன செய்யிற?"

"அவ அம்மியையும் குழவியையும் சேத்துக் குடுத்துட்டுப் போனா. சோடியாக் குடுத்துட்டா. அப்பறம் எதுக்குத் திரும்பி வருவா? நீ அப்பிடிப் போகக் கூடாது. அம்மி இங்க கெடக்கட்டும். குழவி என்கிட்ட இருக்கும். வந்து வாங்கிக்க."

"அதுவரைக்கும் நா எதுல அரைக்கிறது?"

"அரைக்காத. போறதுன்னா பட்டினியா கெடந்து போ," என்றாள். போகாதே என்று சொன்ன வாய் போ என்று சொல்லிவிட்டது. நான் அவளைக் கட்டிப் பிடித்தேன். குழவி என் முழங்காலில் இடித்தது.

பயணம் வரைக்கும் மூன்று கிழமை மிளகாய்த்தூள் சம்பல் சாப்பிட்டோம். கிரைண்டர் கேட்டவளுக்குக் கப்பல் கிடைத்தால் இப்படித்தான்.

கடலைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது நன்றாக இருந்தது. நீலமாகத்தான் இருந்தது. இவர் 6.25க்குப் பார்க்கத் தொடங்கியவர், 6.40க்கு முடிக்கவில்லை. தேநீரையே மறந்துவிட்டார். யட்டவத்த பஸ்ஸில் பாஸான மனிதர் இரண்டாம் நாள் முழுக்க வாளியும் கையுமாகக் கிடந்தார் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை திருகோணமலையில் எங்கள் சொந்த நாட்டில் உல்லாசப் பயணிகளாக இறங்கினோம். குளிரூட்டிய பஸ். ஆளுக்கொரு தொப்பி. வழிகாட்டி இங்கிலீஷில் எங்கள் ஊர்க் கித்துள் மரத்தை எங்களுக்கே விளக்கினார். "வெரி நைஸ்," என்றார் இவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். சீகிரியாவில் பஸ் நின்று, நாங்கள் வரிசையாக இறங்கிய இடத்தில், மர நிழலில், கனகாம்பரம் வைத்த தலையோடு அக்கா நின்றாள். கையில் அந்த சொப்பிங் பேக்.

மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். குழவியோடு.

வழிகாட்டி அவளை ஏதோ சாமான் விற்கிறவள் என்று நினைத்து, வாங்க வேண்டாம் என்று எங்களைத் தடுத்தார். அக்கா அவரிடம் சிங்களத்தில், "மகே நங்கி," என்றாள். என் தங்கச்சி. அதற்குள் சென்னைக்காரம்மா ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "பழைய காலத்துச் சிலையா? என்ன விலைங்க?" என்று கேட்டுவிட்டார்.

"இது விக்கிறதுக்கில்லம்மா," என்றாள் அக்கா.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி என் தலையைத் தடவினாள். இவரைப் பார்த்து, "மாப்பிள்ள எளைச்சுப் போயிட்டாரு," என்றாள். நான் குழவிக்குக் கையை நீட்டினேன். சட்டென்று பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இங்க எதுக்கு? நீ இன்னும் வீட்டுக்கு வரலியே. இது பாதி வழிதான்."

"அப்ப எதுக்கு இந்தக் கல்லத் தூக்கிட்டு வந்த?"

"நீ மறந்துட்டா?"

அவளோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். மற்றவர்கள் மலை ஏறினார்கள். யானையும் பார்த்தார்களாம். பஸ் புறப்படும் நேரம் வந்தபோது அக்கா என் காதருகே வந்து, "பாப்பா, அடுத்த தடவ இந்தக் கப்பல்ல எடம் இருக்குமா?" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். குழவிய மாப்பிள்ளகிட்ட குடுத்துட்டுப் போவேன், பயப்படாத. அங்க ஒருத்தி இருக்காளே. இப்ப எந்த அம்மியில அரைக்கிறான்னு பாத்துட்டு வந்துருவேன்."

இரண்டு நாளில் நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கே அக்கா வந்து, குழவியை அம்மியின் மேல் வைத்து, அவளே ஒரு சம்பல் அரைத்துத் தந்தாள். காரம் அதிகம்.

போன வாரம் அவளுடைய பாஸ்போர்ட் வந்தது. போட்டோவில் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாள். இவர் புதுத் தாளில் அட்டவணை தொடங்கிவிட்டார். இந்த முறை கடலுக்கு ஒரு மணி நேரம். நேற்று இந்திய வீசாப் பத்திரத்தை நான் நிரப்பினேன். அங்கே தெரிந்தவர் ஒருவருடைய பெயரும் விலாசமும் எழுத ஒரு கட்டம் இருந்தது. அக்கா பெயரைச் சொன்னாள். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர். எழுதினேன். இத்தனை காலம் எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருந்தும் நான் அவளைத் தேடி ஒரு வரி எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, டீச்சர் குரலிலேயே, "விலாசம்?" என்று கேட்டேன்.

"வெலாசம் தெரிஞ்சா நா எதுக்குடி கப்பலேறணும்? கடுதாசி போட்டுட மாட்டேனா?" என்றாள் அக்கா.